வரிசை எண்ணும் வாழ்வின் மதிப்பும்

மேலாண்மைக் கல்வி பயிலும் இளைஞரின் மனநலம் குறித்து ஒரு சிந்தனை

கல்வி மனிதனை உயர்த்தும் கருவி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், உயர்த்துவதற்கென அமைந்த கருவியே ஒருவரது உள்ளத்தை நசுக்குமாயின், குறை கருவியில் உள்ளதா, அதனைக் கையாளும் முறையில் உள்ளதா, அதனைக் கண்டும் காணாதிருக்கும் நம்மிடத்தில் உள்ளதா என ஆராய்வது நம் கடமையாகும். இன்று நம் இல்லங்களிலிருந்து எம்.பி.ஏ. எனப்படும் மேலாண்மைப் பட்டப் படிப்பிற்குச் செல்லும் பிள்ளைகள் பலர். அவர்கள் பெறும் சம்பளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்கள் உறங்குகிறார்களா என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. அக்குறையைப் போக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

ஓர் இல்லத்தில் கண்டது

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று. தந்தையார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கு ஒரே மகள். பள்ளியிலும் பொறியியற் கல்லூரியிலும் முதல் மூவருள் ஒருவராகவே விளங்கியவள். ஈராண்டுகள் பணியாற்றியபின் நுழைவுத் தேர்வெழுதி, வெளிமாநிலத்தில் உள்ள மேலாண்மை நிறுவனம் ஒன்றில் இடம் பெற்றாள். ஜூன் மாதம் விடுதிக்குச் சென்றவள் தொடக்கத்தில் நாள்தோறும் தொலைபேசியில் பேசினாள். ஆகஸ்டில் அது வாரம் ஒருமுறையாயிற்று. அக்டோபரில், "படிப்பு அதிகம் அப்பா, அப்புறம் பேசுகிறேன்" என்னும் ஒற்றை வரியாகச் சுருங்கிற்று. பெற்றோர் அதனைப் பொறுப்புணர்ச்சி என்றே கொண்டனர். நாமும் அவ்வாறே கருதினோம்.

டிசம்பர் இறுதியில் பருவ விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது நாம் அவ்வில்லம் சென்றோம். உடல் மெலிந்திருந்தது. முகத்தில் களையில்லை. நலம் கேட்கும் எண்ணத்துடன்தான் சென்றோம், ஆயினும் நம் வாயினின்று முதலில் வந்த கேள்வி, "என்னம்மா, வேலை உறுதியாகிவிட்டதா?" என்பதே. அவள் ஒன்றும் கூறாமல் எழுந்து உள்ளே சென்றுவிட்டாள். அன்று பத்தாவது முறையாக அக்கேள்வியைக் கேட்டதாகப் பின்னாளில் அவளே நம்மிடம் கூறினாள். கேட்டவருள் ஒருவராக நாமும் இருந்தோம் என்பதை நினைக்குந்தோறும் வருத்தமே மிகுகிறது. அப்பெண்ணின் கதையை முடிவில் மீண்டும் காண்போம்.

கல்விமுறையின் இயல்பு

மேலாண்மைக் கல்விக்கெனத் தனிப் பள்ளி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1908ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. நம் நாட்டில் 1949இல் ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனமும், 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்களும் தோன்றின. தமிழகத்தில் திருச்சிராப்பள்ளியில் 2011ஆம் ஆண்டு அத்தகைய நிறுவனம் அமைந்தது.

இங்குப் பாடம் நடக்கும் முறை, நாம் பயின்ற கல்லூரிகளின் முறையினின்று வேறானது. ஒரு தொழில் நிறுவனம் உண்மையில் சந்தித்த சிக்கலை விரித்துரைக்கும் ஏடு மாணவர் கையில் முன்னரே தரப்படும். அதனைப் படித்து வந்து வகுப்பில் வாதிட வேண்டும். வாயைத் திறவாதவருக்கு வகுப்புப் பங்கேற்பு மதிப்பெண் இல்லை. ஓராண்டை மூன்று பருவங்களாகப் பகுத்திருப்பதால், ஒரு தேர்வு முடிந்து மூச்சுவிடுமுன் அடுத்தது வந்துவிடும். முன்னறிவிப்பின்றி நிகழும் சிறு தேர்வுகளும், நள்ளிரவு தாண்டியும் நீளும் குழுப்பணிகளும் வேறு. இவை அனைத்தும் தொழிலுலகின் வேகத்திற்கு மாணவரைப் பழக்கும் நோக்குடையவை, அந்நோக்கத்தில் தவறில்லை. ஆயின், வேகத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

ஹார்வர்டில் மேலாண்மைப் பள்ளி தோன்றிய அதே 1908ஆம் ஆண்டில், ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்னும் இரு அறிஞர்கள் எலிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். கடினமான பாடத்தைக் கற்கும்போது, தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கற்றல் குன்றுகிறது. மிக அதிகமானாலும் குன்றுகிறது. நடுவளவில்தான் சிறக்கிறது என அவர்கள் கண்டனர். வீணைத் தந்தி தளர்ந்தால் ஒலி இல்லை. மிகையாக முறுக்கினால் தந்தியே இல்லை. எனவே நெருக்கடி முழுவதும் தீயதன்று. ஓயாத நெருக்கடியே தீயது.

நெருக்கடியின் ஊற்றுகள்

முதலாவது, ஒப்பீட்டுத் தரமுறை. பல நிறுவனங்களில் ஒரு மாணவரின் தரப்புள்ளி அவர் எவ்வளவு கற்றார் என்பதை மட்டும் பொறுத்ததன்று. மற்றவரைவிட எவ்வளவு முந்தினார் என்பதைப் பொறுத்தது. அறுபது பேர் உள்ள வகுப்பில் அறுபதின்மரும் அறிவாளிகளாயினும், முப்பதின்மர் கீழ்ப்பாதியில் இருந்தே தீர வேண்டும். இது கணக்கின் விதியேயன்றி, அவர்களது அறிவின் குறையன்று.

இதனைச் சற்று விரிவாக நோக்குவோம். இந்திய மேலாண்மை நிறுவனங்களுக்கான 'கேட்' நுழைவுத் தேர்வை 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2.88 லட்சம் பேர் எழுதினர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை முந்திய ஒருவர், ஏறத்தாழ 2.85 லட்சம் பேரை முந்தியவராவார். அவரே தம்மைப் போன்ற அறுபது பேர் நடுவில் அமர்ந்து 48ஆம் இடம் பெறுகிறார். உடனே, "நான் எதற்கும் தகுதியற்றவன்" என்னும் முடிவுக்கு வருகிறார். அவர் மாறவில்லை; அவரை நிறுத்தியிருக்கும் வரிசை மாறியிருக்கிறது. இவ்வொரு வேறுபாட்டை உணராமையே பல துன்பங்களுக்கு வேராகும். மனிதர் தம்மை அளக்கப் பிறரையே அளவுகோலாகக் கொள்வர் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் உளவியலறிஞர் 1954ஆம் ஆண்டில் விளக்கினார். அளவுகோல் மாறினால் அளவும் மாறும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, தன்னைப் போலியெனக் கருதும் ஐயம். திறமையால் இடம் பெற்றிருந்தும், "ஏதோ நல்வாய்ப்பால் வந்துவிட்டேன், என்றேனும் ஒருநாள் என் குட்டு வெளிப்பட்டுவிடும்" என உள்ளூர அஞ்சுவோர் உளர். இம்மனநிலையைப் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் ஆகியோர் 1978ஆம் ஆண்டில், உயர்நிலை எய்திய பெண்களிடத்தே கண்டு எழுதினர். பின்னர் அது ஆண்களிடத்தும் உண்டு என அறியப்பட்டது. சிற்றூரிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் சரளமாக வாதிடும் நகரத்து மாணவரிடையே அமரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வையம் எளிதில் தோன்றும்.

மூன்றாவது, வேலைவாய்ப்புத் தேர்வுக் காலம். ஜூன் மாதம் சேர்ந்த மாணவர், கோடைப் பயிற்சிக்கான நேர்காணலை அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே எதிர்கொள்ள நேர்கிறது. பெருஞ்சம்பளம் தரும் நிறுவனங்கள் முதலில் வரும். அழைக்கப்பட்டோர் பட்டியல் வெளிவரும். பெயர் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பது விடுதி முழுதும் தெரிந்துவிடும். அறைத்தோழன் வேலை உறுதியாகித் திரும்பும் இரவில், இன்னும் அழைப்பு வாராதவன் அதே அறையில் உறங்கியாக வேண்டும்.

இங்கும் ஒரு கணக்கு மயக்கம் உண்டு. பத்து மாணவருள் ஒன்பதின்மர் ஆண்டுக்கு 20 லட்சமும், ஒருவர் ஒரு கோடியும் பெறுவதாகக் கொள்வோம். மொத்தம் 280 லட்சம்; சராசரி 28 லட்சம். அந்தச் சராசரியை நாளிதழில் படிப்போர், அதுவே எல்லோருக்கும் கிடைப்பது என நினைப்பர். உண்மையில் பதின்மரில் ஒன்பதின்மர் சராசரிக்குக் கீழே உள்ளனர்! நடுவில் நிற்பவர் பெறுவதைக் காட்டும் இடைநிலை அளவோ 20 லட்சமே. வணிகக் கணக்கைக் கற்கச் சென்ற மாணவரும், அவரை அனுப்பிய பெற்றோரும், இந்த எளிய கணக்கில் ஏமாந்து மனம் வெதும்புவது இரங்கத்தக்கது.

நான்காவது, கடன். இருபது லட்சம் ரூபாய்க் கல்விக் கடனை நூற்றுக்குப் பத்து வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை ஏறத்தாழ 26,400 ரூபாய் ஆகும். வீட்டை ஈடு வைத்துப் பெற்ற கடனாயின், அச்சுமை மாணவரின் ஒவ்வொரு தேர்விலும் உடன் அமர்ந்திருக்கும். "நான் தோற்றால் அப்பாவின் வீடு போய்விடும்" என எண்ணுபவர் பாடத்தில் எங்ஙனம் மனம் செலுத்த இயலும்?

அறிகுறிகளை அறிதல்

தேர்வுக்கு முன் நெஞ்சு படபடப்பதும், தோல்விக்குப்பின் இரண்டொரு நாள் வாடுவதும் நோயல்ல, இயல்பே. ஆயின் பின்வருவனவற்றுள் சில, இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடிக்குமாயின், அதனை மனச்சோர்வு எனக் கருதி மருத்துவரை நாட வேண்டும்.

1. எதிலும் விருப்பமின்மை, முன்பு மகிழ்வளித்த விளையாட்டும் இசையும் சுவையற்றுப் போதல்.
2. உறக்கம் கெடுதல், அல்லது பகலெல்லாம் உறங்கிக் கிடத்தல்.
3. பசியின்மை அல்லது மிகையாக உண்ணுதல்.
4. படித்த வரியையே மீண்டும் மீண்டும் படித்தும் மனத்தில் பதியாமை.
5. தன்னைத் தானே பழித்தல், குற்ற உணர்வு.
6. நண்பரையும் உறவினரையும் தவிர்த்தல், தொலைபேசியை எடுக்காமை.
7. மது முதலிய போதைப் பொருள்களையோ, மருத்துவர் தராத உறக்க மாத்திரைகளையோ நாடுதல்.

இவற்றினும் மேலாக, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்பது போன்ற சொல் ஒருமுறை வந்தாலும், இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என நேரிடையாக, அன்புடன் கேட்க வேண்டும். அங்ஙனம் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, சுமையை இறக்கி வைக்க வாயில் திறக்கும். கேட்டபின் அவரைத் தனித்து விடாது உடனிருந்து உதவி பெற வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் பல்வேறு படிப்புகளில் இருந்த 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். அவ்வெண்ணில் ஒவ்வொன்றும் ஓர் இல்லத்தின் விளக்கு.

மாணவர் மேற்கொள்ளத்தக்கவை

உறக்கத்தைக் காத்தல்: இளைஞருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் தேவை. பகலில் கற்றதை மனத்தில் நிலைநிறுத்தும் பணி உறக்கத்தில்தான் நடைபெறுகிறது. எனவே உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குபவர், முதலை அழித்து வட்டி தேடுபவராவார். காபியில் உள்ள காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆதலின் மாலைக்குப்பின் அதனைத் தவிர்த்தல் நலம்.

உடலுக்குப் பயிற்சியளித்தல்: நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும், பதற்றம் எழும்போது நிமிடத்திற்கு ஆறு முறை என்னும் அளவில் மெல்ல மூச்சிழுத்து விடுதலும் நெஞ்சின் படபடப்பைத் தணிக்கும். நேர்காணல் அறைக்கு வெளியே அமர்ந்திருக்கும்போதும் இதனைச் செய்யலாம். அருகில் உள்ளவர் அறியமாட்டார்.

எண்ணத்தை எழுதி ஆராய்தல்: ஆரோன் பெக் என்னும் மருத்துவர் 1960களில் வகுத்த அறிதல்சார் மருத்துவமுறையின் எளிய பயிற்சி இது. ஒரு தாளில் வரிசையாக எழுதுக.

நிகழ்ச்சி: நிதிப் பாடத்தில் குறைந்த தரப்புள்ளி பெற்றேன்.
எழுந்த எண்ணம்: நான் மூடன், எனக்கு வேலை கிடைக்காது.
சார்பான சான்று: இந்தத் தேர்வில் பின்தங்கினேன்.
எதிரான சான்று: சந்தையியலில் நல்ல தரம் பெற்றேன். கணக்குப் பின்புலம் இன்றி மூன்று மாதத்தில் இவ்வளவு கற்றேன். சென்ற ஆண்டு என் நிலையில் இருந்த அண்ணன் இன்று பணியில் உள்ளார்.
சமநிலை எண்ணம்: நிதிப் பாடம் எனக்குக் கடினம், உதவி பெற்றுப் படிக்க வேண்டும். இஃது என் முழு மதிப்பன்று.

வணிகத்தில் வரவையும் செலவையும் இருபுறமும் எழுதாமல் எவரும் கணக்கு முடிப்பதில்லை. தம்மைப் பற்றிய கணக்கில் மட்டும் செலவுப் பக்கத்தையே எழுதி மூடிவிடுதல் முறையாகுமா?

ஒருவரிடமேனும் மனம் திறத்தல்: விடுதியில் எல்லோரும் வலிமையுடையார் போல் நடமாடுவர், உள்ளே அஞ்சுவோர் பலர். ஒருவர் வாய்திறந்து "எனக்கு முடியவில்லை" என்றால், "எனக்கும்தான்" என்னும் மறுமொழி பெரும்பாலும் கிடைக்கும். படிக்க வேண்டிய ஏடுகளை நால்வர் பகிர்ந்து படித்து ஒருவருக்கொருவர் விளக்குவதால் சுமையும் குறையும், நட்பும் வளரும்.

உதவியும் சட்டமும்

காய்ச்சலுக்கு மருத்துவரை நாட எவரும் நாணுவதில்லை. மனத்தின் நோய்க்கும் அவ்வாறே. மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன் காட்டச் சில வாரங்கள் ஆகும். ஆதலின் நான்கு நாளில் பயனில்லை என்று நிறுத்திவிடலும், சற்றே தேறியதும் மருத்துவரைக் கேளாது நிறுத்திவிடலும் கூடாது.

2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவம் பெறுதலை உரிமையாக்கியுள்ளது. நோயாளியைப் பற்றிய செய்தியை மறைத்துக் காத்தலும், உடல்நோய்க்கு ஒப்ப மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளித்தலும் அச்சட்டத்தின் கூறுகள். "கல்லூரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்" என அஞ்சுவோர் இதனை அறிதல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய நெறிமுறைகளின்படி, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் நாளில் விடுதி அறையையும் உணவுக்கூடத்தையும் பார்க்கும் பெற்றோர், ஆலோசகரின் அறை எங்குள்ளது என்றும் கேட்பார்களாக.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். வெளிமாநிலத்தில் பயிலும் நம் பிள்ளைகள் இவ்வெண்ணைக் குறித்து வைத்தல் நன்று. உடனடி ஆபத்துக்கு 112.

பெற்றோர் கடமை

தொலைபேசியில் நாம் கேட்கும் முதற்கேள்வி எதுவோ, அதுவே நாம் எதனை மதிக்கிறோம் என்பதைப் பிள்ளைக்குத் தெரிவிக்கிறது. "எத்தனையாவது ரேங்க்? எந்தக் கம்பெனி வந்தது?" என்பதற்கு மாறாக, "சாப்பிட்டாயா கண்ணு? நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? இன்று யாரோடு பேசினாய்?" எனக் கேட்போம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கே சேர்ந்துவிட்டானாம்" என்னும் பேச்சை அறவே விடுவோம்.

கடனைப் பற்றி மறையாது பேசுதல் வேண்டும். மறைக்கப்பட்ட கடன் கற்பனையில் பெருகும். முன்னர்க் கூறிய இருபது லட்சத்தையே பதினைந்தாண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 21,500 ஆகக் குறையும். மொத்த வட்டி கூடும் என்பதும் உண்மையே. இவ்வாறு தாளில் எழுதி, "வேலை சற்றுத் தாமதமானாலும் இன்னவாறு சமாளிப்போம்; வங்கியில் நான் பேசுகிறேன்" என ஒரு தந்தை கூறுவாராயின், அது பல மருந்துகளுக்கு ஈடாகும்.

அனைத்தினும் மேலாக, திரும்பி வர வழி உண்டு என்பதைப் பிள்ளை அறிதல் வேண்டும். ஒரு பருவம் விடுப்பெடுத்தலோ, படிப்பையே மாற்றிக் கொள்ளுதலோ குடும்பத்திற்கு இழுக்கன்று.

நிறைவாக

தொடக்கத்தில் கூறிய பெண்ணின் நிலையை முதலில் உணர்ந்தவர் அவள் தாயார்தாம். இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் விளக்கின்றி அமர்ந்திருந்த மகளைக் கண்டு, ஒன்றும் கேளாது அருகில் அமர்ந்தார். நெடுநேரம் கழித்து அவளே பேசினாள். வகுப்பில் 48ஆம் இடம் பெற்றதை நான்கு மாதங்களாக எவரிடமும் கூறாது மறைத்து வைத்திருந்தாள். மறுவாரம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கண்டனர். நிறுவனத்தாரும் விடுப்பளித்தனர். ஓராண்டு தாமதித்துப் படிப்பை முடித்து, இன்று நடுத்தர நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறாள். நாளிதழில் வரும் சம்பளமன்று. ஆயினும் நிறைவுடன் இருக்கிறாள். அவள் தந்தையார் நம்மிடம் கூறியது இது: "நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு ரேங்க் போட்டேன். என் மகளை நாற்பத்தெட்டாவது இடத்தில் பார்த்த பிறகுதான், நான் போட்டது விடைத்தாளுக்கு என்று எனக்கே தெரிந்தது."

விடைத்தாளுக்கு வரிசை எண் உண்டு; உயிருக்கு இல்லை. இவ்வுண்மையைப் பிள்ளைகள் தேர்வு மண்டபத்தில் கற்க இயலாது. நம் இல்லத்தில்தான் கற்க இயலும். அடுத்த முறை விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் நாம் கேட்கப்போகும் முதற்கேள்வி யாது என்பதை வாசக அன்பர்கள் ஒவ்வொருவரும் இன்றே சிந்திப்போமாக.